நனைந்த ஏடுகளைக் காத்த கரங்கள்



வெள்ளமோ யுத்தமோ ஓர் ஊரைத் தாக்கும்போது முதலில் காக்கப்பட வேண்டியது மனித உயிரே. இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆயினும் மக்கள் பாதுகாப்பான இடத்தை அடைந்த பின்னர், இரண்டொரு நாட்களுக்குள் செய்து முடிக்க வேண்டிய மற்றொரு பணியும் உண்டு. நனைந்த நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் மீட்பதே அப்பணி.

1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ நதி கரைபுரண்டது. நதிக்கரையில் அமைந்திருந்த தேசிய மத்திய நூலகத்தினுள் சேறும் எண்ணெயும் கலந்த நீர் புகுந்தது. சுமார் பத்து இலட்சம் நூல்களும் ஆவணங்களும் பாதிக்கப்பட்டன. செய்தியறிந்த இளைஞர்களும் யுவதிகளும் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தனர். கூலி எதுவும் கிடையாது. நிலவறையிலிருந்து வரிசையாக நின்று, கைக்குக் கை நூல்களைக் கடத்தினர். துர்நாற்றம் தாளாது சிலர் முகமூடி அணிந்திருந்தனர். அந்நகர மக்கள் அவர்களைச் 'சேற்று வானவர்கள்' என்று அழைக்கலாயினர்.

ஆர்வம் மட்டும் இவ்விடத்தில் போதுமானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஊறிய தாள் மிக எளிதில் கிழியும். அவசரமாகத் திறக்கப்பட்ட நூல், திறக்கப்படாத நூலைவிட அதிகம் சேதமடையும். ஆகவே பீற்றர் வோற்றர்ஸ் போன்ற நூல் கட்டும் நிபுணர்கள் பிரித்தானியாவிலிருந்து வந்து முறைகளைக் கற்பித்தனர். புகையிலை உலர்த்தும் கூடங்களில் கூட நூல்கள் உலர்த்தப்பட்டன. அன்று ஆரம்பித்த செப்பனிடும் பணி பல தசாப்தங்கள் நீடித்தது.

நமது உள்ளத்திற்கு இன்னும் நெருக்கமான வரலாறு பொஸ்னியாவினுடையது. 1992 ஆகஸ்ட் மாத இறுதியில் சரஜேவோவின் தேசிய நூலகம் ஷெல் வீச்சினால் தீப்பற்றி எரிந்தது. நூலக ஊழியர்களும் பொதுமக்களும் இயன்றதை மீட்டனர். அயிடா புத்துரோவிச் என்ற இளம் நூலகர் அந்நாட்களில் ஷெல் வீச்சுக்கு இலக்காகி உயிரிழந்தார். பெரும்பாலான நூல்கள் சாம்பலாயின.

அதே நகரில் 1537ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் கதி வேறாக அமைந்தது. அறபு, பாரசீக, துருக்கிய மொழிகளிலான ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் அங்கிருந்தன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் உயிருடன் இருந்த காலத்திலேயே, 1106ஆம் ஆண்டளவில், பிரதி செய்யப்பட்ட இஹ்யாவின் ஏடு ஒன்றும் அவற்றுள் அடங்கும். நூலகப் பணிப்பாளர் முஸ்தபா யாஹிச்சும் ஒரு சில உதவியாளர்களும் அவற்றை வாழைப்பழப் பெட்டிகளில் நிரப்பி, துப்பாக்கிச் சூட்டுக்கு மத்தியில் கைகளிலே சுமந்து, யுத்தம் முடியும்வரை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே இருந்தனர். அக்குழுவில் இரவுக் காவலாளியும் இருந்தார், துப்புரவுப் பெண்மணியும் இருந்தார். பெரும் பட்டம் பெற்றோர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது என்று நினைக்கும் நமது வழக்கம்தான் தவறு.

நமது கிழக்குக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்தபோது, காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்து அலைந்தோர் எத்தனை பேர்! பழைய வீடுகளின் பெட்டகங்களில் பாட்டனார் காலத்து அறபுத்தமிழ் கிதாபுகள் இன்றும் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோமா?

நீர் வடிந்து, உள்ளே செல்ல அதிகாரிகள் அனுமதித்த பின்னரே நூல்களைத் தேட வேண்டும். பூஞ்சணம் 48 மணித்தியாலங்களுக்குள் படரத் தொடங்கிவிடும். நனைந்த நூலைத் திறக்கவோ வெயிலில் காயவைக்கவோ கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், தாள்களுக்கிடையே அச்சிடப்படாத உறிஞ்சு தாள் வைத்து, அதை அடிக்கடி மாற்ற வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். நூல்கள் அதிகமாயின் தனித்தனியே சுற்றி உறைகுளிரில் வைத்தால் பூஞ்சணம் வளராது; நிபுணரைத் தேட அவகாசம் கிடைக்கும். கையால் எழுதப்பட்ட ஏட்டின் மை நீரில் கரையக்கூடும்; ஆகையால் சேற்றைக் கழுவும் எண்ணம் வேண்டாம்.

பள்ளிவாசல், மத்ரஸா, வாசிகசாலை ஆகியவற்றில் உள்ள பழைய ஏடுகளின் பட்டியலொன்றை இளைஞர்கள் இம்மாதமே தயாரிக்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, பிரதியை வேறோர் ஊரில் வைக்கலாம். எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது, யார் வீட்டு மேல்மாடிக்குக் கொண்டு செல்வது என்பதையும் மாரிக்கு முன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.