கருவாடு பாக்கெட் மெஷினுக்கு கரண்ட் செலவு எவ்வளவு?



நெத்திலி, சென்னாக்கூனிக் கருவாட்டைக் காற்று எடுத்து பாக்கெட் போட்டு விற்கலாம் என்று பேச்சு எடுத்தால், "கரண்ட் பில் எகிறிடுமே அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடன் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வேக்குவம் பேக்கிங் மெஷினில் காற்றை உறிஞ்சுவது உள்ளே இருக்கும் பம்பு. அதன் மோட்டார் தகட்டைப் பாருங்கள். அரை ஹெச்.பி. என்றால் 373 வாட். ஆனால் அது மோட்டார் செய்து தரும் வேலை. அதற்காக இழுக்கிற கரண்ட் அதைவிட அதிகம். 500 வாட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அப்போ நம்ம பம்பு 2 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

ஒரு தடவை மூடினால் பம்பு 30 விநாடி ஓடுது, 2 பாக்கெட் முடியுது என்று வைப்போம். 480 பாக்கெட்டுக்கு 240 தடவை, அதாவது 2 மணி நேரம். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் பாக்கெட்டுக்கு 2 பைசாகூட வரவில்லை! வாய் ஒட்டுகிற ஹீட்டருக்குக் கொஞ்சம் சேரும். அப்பவும் கவர் விலைதான் பெரிசு.

பில் ஏறுவது வேறு வழியில். மூடி ரப்பர் கிழிந்து காற்று கசிந்தால் 30 விநாடி வேலை 1 நிமிஷம் இழுக்கும், செலவு இரண்டு மடங்கு. சில மெஷினில் பம்பு நிற்காமலே ஓடும். அதில் முதலில் எல்லாக் கவரையும் நிரப்பி வைத்துவிட்டு, பிறகு சுவிட்ச் போடுங்கள்.

ஈரக் கருவாடு இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமக்குத் தெரியாததா! காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரண சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவி பம்பு எண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும். பம்பு திணறும், நேரம் கூடும். எண்ணெயை மாற்றியே ஆகணும்.

வாங்கும் முன் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். வீட்டு இணைப்பில் ஓட்டலாமா, எந்தக் கட்டணம் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, 8 ரூபாய்க்குப் பதில் அந்தத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பச்சை இறாலை இப்படி பேக் பண்ணினால் ஐஸ் வேண்டாம்னு நினைக்காதீங்க. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து விஷம் உண்டாக்கும் கிருமி உண்டு. அதற்கு ஃப்ரீசர் வேண்டும். அது இரவு பகலாக இழுக்கும் கரண்டைத் தனியாகக் கணக்கு போடுங்கள்.