"எல்லோருக்கும் அனுப்புங்கள்!" - செல்போன் குழுக்களுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா?

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. பெங்களூர் சிட்டி ரெயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இல்லை. ஓட்டல் சிப்பந்திகள், வாட்ச்மேன்கள், அழகு நிலையங்களில் வேலை பார்த்த பெண்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் கையில் அகப்பட்ட பையுடன் கவுகாத்திக்கு டிக்கெட் கேட்டு நின்றார்கள். அத்தனை பேரும் வடகிழக்கு மாநிலத்தவர். ரெயில்வே நிர்வாகம் ஸ்பெஷல் ரெயில்கள் விட வேண்டியதாயிற்று.

அவர்களை யாராவது விரட்டினார்களா? இல்லை. "ரம்ஜான் முடிந்ததும் தாக்குவார்கள்" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அதற்கு முந்தைய மாதம் அசாமில் கலவரம் நடந்தது உண்மை. அந்த உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு பொய் வந்தது. மத்திய அரசு 17-ந் தேதி, மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடை செய்தது. ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பும் வைத்தது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

பிழைக்க வந்தவர் மீதே அடி

ஆறு வருடம் கழித்து எஸ்.எம்.எஸ். போய் வாட்ஸ்அப் வந்தது. 2018-ல் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று ஒரு வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. அது குழந்தைகள் பாதுகாப்புக்காக பாகிஸ்தானில் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த விவரம் வரும் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்த ஆண்டு மே 9-ந் தேதி திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்கு உறவினர்களுடன் காரில் போன சென்னை மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். அதே மாதம் 23-ந் தேதி பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தான் வாலிபர் ஒருவர் உயிரிழந்தார். ஜூலை 1-ந் தேதி மராட்டிய மாநிலம் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்துச் சந்தைக்கு வந்த நாடோடி சமூகத்தினர் ஐந்து பேர் கொல்லப்பட்டனர்.

பெரும்பாலும் அடிபட்டவர் வெளியூர்க்காரர், முகம் தெரியாதவர். வேறு மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர்கள் இதைப் படித்துவிட்டு "யாருக்கோ நடந்தது" என்று பக்கத்தைப் புரட்ட முடியாது. 2016 செப்டம்பர் 12-ந் தேதி காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் மட்டும் யோக்கியம் என்றும் சொல்வதற்கில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வேறு ஊர்த் தகராறு வீடியோக்கள் பரவின. திருப்பூர், கோவையில் இருந்து தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள்.

தேதி எங்கே?

ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ ஒரு தெருவுக்கு இரண்டு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கும். இறப்புச் செய்தி, ரத்தம் தேவை, ரெயில் தாமதம், வேலை காலி என்று அதனால் நன்மை அதிகம். வம்பு வருவது ராத்திரி 11 மணிக்குமேல், "அவசரம்! எல்லோருக்கும் அனுப்புங்கள்!" என்று யாரோ ஒன்றைப் போடும்போதுதான்.

"அண்ணே, இது யார் சொன்னது?" என்றால், "எனக்கும் வந்ததுப்பா, அதான் போட்டேன்" என்று பதில் வரும். இந்தப் பதிலை ஏற்பதில்லை என்று குழு முடிவு செய்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. யார் பார்த்தார், எந்த இடம், எந்தத் தேதி - மூன்றும் இல்லாத செய்தியை எடுத்துவிட வேண்டும். மூன்றில் தேதிதான் முக்கியம். 2016-ல் பஸ் எரிந்த படத்தை, காவிரித் தகராறு தலைதூக்கும் இன்னொரு நாளில் தேதி இல்லாமல் போட்டால் என்ன ஆகும்? படம் பொய் அல்ல. ஆனால் பத்து நிமிடத்தில் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். ரத்தம் கேட்கும் செய்தியும் அப்படித்தான். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் வருடக்கணக்கில் சுற்றுகிறது. அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் படும் பாடு சொல்லி மாளாது.

ரெயில் சமாசாரம் என்றால் 139-க்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடலாம். ரெயில்வே வேலை என்று பணம் கேட்கும் விளம்பரத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. தேர்வு வாரியம் ஏஜெண்டு வைத்து ஆள் எடுப்பதில்லை.

வாட்ஸ்அப் கம்பெனியும் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்குமேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம் என்று ஆக்கியது. ஆனால் கம்பெனி எண்ணிக்கையைத்தான் பார்க்கும். விஷயம் மெய்யா பொய்யா என்று பார்ப்பது தெருக்காரர்கள் வேலை.

அட்மின் பாடு

"வழக்கு வந்தால் என் தலையில் விடியும்" என்று பலர் அட்மின் பொறுப்புக்கே பயப்படுகிறார்கள். உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் ஐகோர்ட்டின் நாகபுரி பெஞ்சு 2021-லும், கேரள ஐகோர்ட்டு 2022-லும் கூறியுள்ளன. தெரிந்தே துணை போனால் கதை வேறு. பயப்பட வேண்டியவர் அனுப்புகிறவர்தான். ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை ஐகோர்ட்டு 2018-ல் சொன்னது.

ஊரில் பதற்றம் என்று தெரிந்தால் அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டி வைக்க வசதி உண்டு. அதை எப்போது பூட்டுவது, யார் திறப்பது என்று அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். கலவர நாளில் யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள்.

தவறான செய்தியை அட்மின் அழித்தால் குழுவில் மறைந்துவிடும். அதற்குள் அதை எடுத்து அண்ணனுக்கும் மச்சானுக்கும் அனுப்பிய பத்துப் பேர் செல்போனில் அது அப்படியே இருக்கும். ஆகையால் முதலில் போட்டவரே, "நான் போட்டது தவறு, யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள்" என்று அதே குழுவில், தன் பெயரிலேயே எழுத வேண்டும்.