கைக்குழந்தைக்காரிக்கு இரண்டு தங்கம்!

"அம்மா, குழம்பை இறக்கி வெச்சிட்டு ஒரு நிமிஷம் இங்க வாயேன்! இந்த அக்காவுக்கு ஒன்றரை வயசுகூட ஆகாத குழந்தை இருக்காம்!" என்று கூடத்திலிருந்து என் பெண் குரல் கொடுத்தாள்.

2023 ஆகஸ்ட் மாதம். டி.வி.யில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் ஓடிக் கொண்டிருந்தது. "சைக்கிள்ல சுத்திச் சுத்தி வர்றதுல என்னடி அதிசயம்?" என்று கரண்டியோடு போய் நின்றவள்தான். அடுப்பு ஞாபகமே இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற நகரம். அங்கே ஒரு பெரிய உள்ளரங்கம். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வாங்கிய கிறிஸ் ஹோய் என்ற ஸ்காட்லாந்து வீரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே மரப்பலகையால் ஆன ஓடுதளம். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் தளம் சுவர் மாதிரிச் சாய்ந்து நிற்கிறது. மெதுவாகப் போனால் சறுக்கி விழ வேண்டியதுதான்!

அந்த சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பிரேக்கே கிடையாது. பெடலும் பின் சக்கரமும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. சக்கரம் சுற்றுகிற வரை காலும் சுற்றித்தான் ஆகவேண்டும். 'அப்பாடா' என்று ஒரு நொடி காலை ஓய விட முடியாது. "நம்ம வீட்டு வேலை மாதிரின்னு சொல்லு" என்றேன் பெண்ணிடம்.

அவள் காட்டிய அந்த 'அக்கா' எலினார் பார்க்கர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கார்டிஃப் நகரத்துப் பெண். 2016 ரியோ ஒலிம்பிக்கிலேயே தங்கம் வாங்கியவர். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியபோது அவர் கர்ப்பிணி! அங்கே பிரிட்டன் அணிக்கு வெள்ளி. 2022 மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வந்து நிற்கிறார்.

முதல் தங்கம், நான்கு பேர் சேர்ந்து ஓட்டும் 'டீம் பர்சூட்' பந்தயத்தில். மொத்தம் 4 கிலோமீட்டர், 16 சுற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, மற்ற மூவரும் அவர் முதுகை ஒட்டியபடி வருகிறார்கள். முன்னவர் களைத்ததும் சரிவில் மேலேறி ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விட, அடுத்தவர் முன்னே வருகிறார். மூன்றாவதாக வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம். ஆகவே ஒருத்தி மட்டும் பறந்தால் பிரயோஜனமில்லை. எலினாரின் தங்கை மேகனும் இந்த அணியில் இருந்தார். அக்கா, தங்கை இருவருக்கும் தங்கம்! பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதே அணியில் கேட்டி ஆர்ச்சிபால்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் தன் வாழ்க்கைத் துணையைப் பறிகொடுத்தவர். இளம் வயது; அவரும் சைக்கிள் வீரர்; தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. ஒரு வருஷம் கழித்து அவர் தங்க மேடையில் நின்றபோது என் கண் நிறைந்துவிட்டது.

இரண்டாவது தங்கம் 'மாடிசன்' பந்தயத்தில். நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கத்தின் பெயரால் வந்த பந்தயம் இது. இரண்டிரண்டு பேராக 30 கிலோமீட்டர், 120 சுற்று! ஒருத்தி வேகமாய் ஓட்டும்போது மற்றவள் மேலே மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்கிக்கொள்கிறாள். இவள் களைத்ததும் அவள் கையைப் பிடித்து, தன் வேகத்தையெல்லாம் சேர்த்து முன்னால் வீசிவிடுகிறாள். பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை புள்ளி. எலினாரோடு ஜோடி சேர்ந்தவர் நியா எவன்ஸ். முன்பு கால்நடை டாக்டராக இருந்தவர். சொந்த ஸ்காட்லாந்தில், சொந்த ஜனங்கள் கைதட்ட, முதலிடம்.

மற்றப் பதக்கங்களையும் கேளுங்கள். பெண்கள் ஸ்பிரிண்டில் வேல்ஸைச் சேர்ந்த 20 வயது எம்மா ஃபினுகேனுக்குத் தங்கம், ஜெர்மனியின் லியா ஃப்ரீட்ரிச்சுக்கு வெள்ளி, நியூசிலாந்தின் எலஸ் ஆண்ட்ரூஸுக்கு வெண்கலம். கீரின் பந்தயத்தில் இதே எலஸ் தங்கம் வாங்க, கொலம்பியாவின் மார்த்தா பயோனாவுக்கு வெள்ளி, லியாவுக்கு வெண்கலம். தனிநபர் பர்சூட்டில் அமெரிக்காவின் க்ளோயி டைகர்ட் தங்கம். ஆம்னியத்தில் அமெரிக்காவின் ஜெனிஃபர் வாலெண்டே தங்கம், டென்மார்க்கின் அமலி டிடரிக்சன் வெள்ளி, பெல்ஜியத்தின் லோட்டே கொபெக்கி வெண்கலம். இந்த லோட்டே சாதாரணப்பட்டவர் இல்லை. எலிமினேஷன், புள்ளிப் பந்தயம் இரண்டிலும் தங்கம் வாங்கி, சில நாளில் அங்கேயே சாலைப் பந்தயத்திலும் உலக சாம்பியன் ஆகிவிட்டார்!

இதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். எலினாரைப் பற்றிப் பெண் மேலும் படித்துச் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் உண்டாம். கருப்பையின் உள்பக்கம் இருக்கும் சவ்வு போன்ற திசு, கருப்பைக்கு வெளியேயும் வளர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் உயிர் போகிற வலி. சிலருக்குக் குழந்தை தங்குவதும் கஷ்டமாகிவிடும். எலினார் அந்த வலியோடு பயிற்சி செய்தவர். அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர். வெட்கப்பட்டு மூடி வைக்காமல் வெளிப்படையாகப் பேசினார், மற்றப் பெண்களுக்கும் தெரியட்டும் என்று. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எங்கள் உறவில் ஒரு பெண் பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதம் மூன்று நாள் சுருண்டு கிடப்பாள். "எல்லாப் பொண்ணுக்கும் வர்ற வலிதானே, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஓமத் தண்ணியைக் கையில் கொடுத்து நானும் அதையேதான் சொன்னேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லாமல் தவித்த பிறகுதான் டாக்டர் இந்தப் பெயரைச் சொன்னார். "அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கலாமே சித்தி" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே தாய்மார்களே, உங்கள் பெண் வலியால் மாதாமாதம் பள்ளிக்கு மட்டம் போட்டாலோ, மாத்திரை இல்லாமல் எழுந்திருக்க முடியாவிட்டாலோ, மலஜலம் கழிக்கும்போது கூட வலித்தாலோ, கைவைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். பெண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலியைத் தாங்கிக்கொள்வது பெருமை இல்லை.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. எலினாரைப் பார்த்துவிட்டு, பிரசவமான கையோடு ஓடக் கிளம்பிவிடாதீர்கள்! அவரைச் சுற்றி டாக்டரும் பயிற்சியாளரும் உண்டு. நீங்கள் டாக்டரைக் கேட்டு, முதலில் மெல்ல நடந்து, உடம்பு ஒத்துழைக்கிற அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் நிதானமாக.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எலினார் மாடிசனில் வெள்ளியும், டீம் பர்சூட்டில் வெண்கலமும் வாங்கினார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது.

அந்த மாடிசன் பந்தயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். 120 சுற்றையும் அங்கே யாரும் ஒருத்தியாக ஓட்டுவதில்லை. ஒருத்தி மூச்சு வாங்க மேலே ஒதுங்கினால் சோம்பேறி என்று யாரும் சொல்வதுமில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் கணவரோ, மாமியாரோ, அம்மாவோ, நாத்தனாரோ தினம் ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டால் போதும். நம் பெண்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

அன்று குழம்பு அடிப்பிடித்துவிட்டது. என்ன செய்ய? மோரை ஊற்றிச் சாப்பிட்டோம்!