தரங்கம்பாடியில டென்ட் போடலாமா? கோடியக்கரை ட்ரிப் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"பொங்கல் லீவுக்கு தரங்கம்பாடி போறோம். பீச்ல டென்ட், ராத்திரி கேம்ப் ஃபயர், மறுநாள் கோடியக்கரை காட்டுல சஃபாரி. எப்படி பிளான்?"

ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் இப்படிக் கேட்டப்போ, "செம"ன்னுதான் முதல்ல சொல்லத் தோணுச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அந்த பிளான்ல பாதி சூப்பர், மீதி பாதி சிக்கல். எது சூப்பர், எது சிக்கல்? பார்த்துடலாம்.

கிளாம்பிங்னா என்ன?

கேம்பிங்னா நாமளே கூடாரம் அடிச்சு, தரையில பாய் விரிச்சுப் படுக்கிறது. அதுலயே மெத்தை, ஃபேன், அட்டாச்டு பாத்ரூம், வாசல்ல சீரியல் லைட்னு ஹோட்டல் வசதியைச் சேர்த்தா, அதுதான் கிளாம்பிங். காட்டுப் பக்கத்துலயும் இருக்கணும், கொசுக்கடியும் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்காக வந்தது. முதுமலை, வயநாடு பக்கமெல்லாம் இது பெரிய பிசினஸ். இப்போ கடற்கரைப் பக்கமும் இந்த ஆசை வந்திருக்கு.

டெல்டாவுல காடு எங்கப்பா இருக்கு?

தமிழ்நாட்டுல தேசியப் பூங்காக்கள் மொத்தம் அஞ்சு: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை (இந்திரா காந்தி), மன்னார் வளைகுடா. காவிரி டெல்டாவுல ஒண்ணுகூட இல்லை. ஆனா, கோடியக்கரை வன உயிரின சரணாலயம் இருக்கு. சரணாலயத்துல உள்ளூர் மக்களோட சில உரிமைகளை அனுமதிக்க இடம் உண்டு. தேசியப் பூங்காவுல கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆனா, ரெண்டுக்குமே 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான். அனுமதி இல்லாம உள்ளே போறதும், நெருப்பு வைக்கிறதும் ரெண்டு இடத்துலயும் குற்றம்தான்.

கோடியக்கரை 1967-ல சரணாலயம் ஆச்சு. முக்கியக் காரணம், வெளிமான். முறுக்கின கொம்போட, கறுப்பும் வெள்ளையுமா நிக்கிற ஆண் மானை ஒருதடவை நேர்ல பார்த்தா மறக்க மாட்டீங்க. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, எப்பவோ வளர்ப்புல இருந்து விடுபட்டுக் காட்டோட கலந்துட்ட மட்டக்குதிரைகளும் இங்கே உண்டு. பக்கத்துல இருக்கிற உப்பளங்கள்லயும் சதுப்பு நிலத்துலயும் குளிர்காலத்துல பூநாரைகள் வந்து இறங்கும். 2002-ல இந்தப் பகுதி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமா அறிவிக்கப்பட்டுச்சு. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பூங்குழலி படகு ஓட்டினது இந்தக் கரையில இருந்துதான்.

தரங்கம்பாடியில இருந்து எப்படிப் போறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியா தோராயமா 90 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினா காலை வெயில் ஏறுறதுக்குள்ள காட்டு வாசல்ல நிக்கலாம். மான்கள் மேய வர்றதும் காலையிலயும் சாயங்காலமும்தான். நடு மதியம் போனா மரத்தடியைத்தான் போட்டோ எடுத்துட்டு வரணும்.

வேதாரண்யத்துல 1930 உப்பு சத்தியாகிரக நினைவிடத்தையும் பார்த்துடுங்க. திருச்சியில இருந்து ராஜாஜி தலைமையில தொண்டர்கள் நடந்தே வந்த ஊர் அது. நாம ஏசி கார்ல வந்து டயர்டுன்னு சொல்றோம்!

வடக்குப் பக்கம் போகணும்னா சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம். சுரபுன்னை மரங்களுக்கு நடுவுல துடுப்புப் படகுல போறதுதான் டெல்டா பக்கத்துல கிடைக்கிற ஒரிஜினல் அட்வென்ச்சர். லைஃப் ஜாக்கெட்டை செல்ஃபிக்காகக் கழட்டாதீங்க. 2004 சுனாமியப்போ பின்னாடி இருந்த கிராமங்களுக்கு வேகத்தைக் குறைச்சுக் கொடுத்தது இந்த அலையாத்திக் காடுதான்.

சரி, பீச்ல டென்ட்?

இங்கேதான் சிக்கல். முதல் காரணம், கடல். தரங்கம்பாடி கடற்கரையில மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு. 1306-ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. அதோட முன்பகுதியைக் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சத்தைக் காப்பாத்த கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. கருங்கல் கோயிலுக்கே அந்த நிலைமைன்னா, நாலு கம்பியில நிக்கிற துணிக் கூடாரம் எம்மாத்திரம்? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சீசன் வேற. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ கோடியக்கரைக் காட்டு மரங்களே சாய்ஞ்சு போச்சு.

ரெண்டாவது காரணம், சட்டம். உச்ச ஓதக் கோட்டுல இருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள வருது. அங்கே யாரும் நினைச்ச இடத்துல விடுதி போட்டுட முடியாது.

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியமாப் படுது. ஆமை.

ஒரு சீரியல் லைட் என்ன பண்ணிடும்?

ஜனவரியில இருந்து மார்ச் வரை தமிழ்நாட்டுக் கடற்கரையில பங்குனி ஆமைகள் முட்டை போட வரும். ஆலிவ் ரிட்லின்னு சொல்றோமே, அதுதான். நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரைகளும் அதுல அடக்கம். ராத்திரி கரையேறி, பின்னங்காலால மணல்ல குழி பறிச்சு, நூறு முட்டை அளவுக்குப் போட்டு, மூடிட்டுக் கடலுக்குத் திரும்பிடும். கரையேறும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிஞ்சா, முட்டை போடாமலே திரும்பிப் போறதும் உண்டு.

45-ல இருந்து 60 நாள்ல குஞ்சு பொரியும். மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் ராத்திரியிலதான் வெளியே வரும். கடல் எந்தப் பக்கம்னு அதுக்கு யார் சொல்லித் தர்றது? வெளிச்சம்தான். இருட்டான இரவுல நிலத்தைவிடக் கடல் பக்கத்து அடிவானம் கொஞ்சம் பளிச்னு தெரியும். அதை நோக்கி ஓடணும்கிறது அதோட ரத்தத்துலயே இருக்கு. இப்போ கரையில ஒரு கூடாரம், அதுல சீரியல் லைட், முன்னாடி கேம்ப் ஃபயர். குஞ்சு கடலை விட்டுட்டு நம்ம பக்கம் வரும். விடியறதுக்குள்ள நாய், காக்கா, நண்டு, இல்லைன்னா வெயில். அவ்வளவுதான்.

பங்குனி ஆமைக்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இடம். அதாவது புலிக்கும் யானைக்கும் கொடுக்கிற அதே பாதுகாப்பு. வனத்துறை ஆட்கள் ராத்திரியெல்லாம் கரையில நடந்து முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்துல வெச்சு, குஞ்சுகளைக் கடல்ல விடுறாங்க. சென்னையில மாணவர்கள் 1988-ல இருந்து இந்த ஆமை நடையைச் செய்யறாங்க. அவ்வளவு பேர் தூக்கம் கெட்டுச் செய்யற வேலையை நம்மளோட ஒரு ராத்திரி லைட்டிங் கெடுத்துடலாம்.

காட்டுப் பக்கமும் இதே கதைதான்

விலங்குகளுக்கு மட்டுமில்லை, நமக்கும் ஆபத்து உண்டு. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில காட்டை ஒட்டின கூடாரத்துல தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்துட்டாங்க. 2018 மார்ச்ல தேனி குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க உயிர் போச்சு. முதுமலைப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்டுகளை அகற்றணும்கிற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. 'காட்டுக்குள்ளயே தங்கலாம்'னு வர்ற விளம்பரத்தைப் பார்த்தா, இதையெல்லாம் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

மலையேறணும்னு ஆசை இருந்தா, 2024 அக்டோபர்ல தமிழக அரசு ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு. 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், ஆன்லைன் புக்கிங்.

புக் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க

* இடம் யாருடையது? பட்டா நிலமா, புறம்போக்கா? உள்ளாட்சி அனுமதி இருக்கா?

* கடற்கரையில இருந்து எவ்வளவு தூரம்? கடல் பக்கம் பார்த்து எரியற லைட்டை ராத்திரி அணைப்பாங்களா?

* கழிவுநீர், குப்பை எங்கே போகுது? பதில் மழுப்பலா இருந்தா, அது மணலுக்குள்ளதான் போகுது.

* புயல் எச்சரிக்கை வந்தா பணம் திரும்பக் கிடைக்குமா? இல்லைன்னு சொன்னா, காசு போகுதேன்னு அந்த நேரத்துல கிளம்பிப் போவீங்க. அது ஆபத்து.

* ராத்திரி சஃபாரின்னு தனியார் யாராவது ஆசை காட்டுறாங்களா? வேண்டாம்னு சொல்லிடுங்க.

அப்போ பிளான் என்ன?

தரங்கம்பாடியில தங்குங்க, ஆனா ஊருக்குள்ள. 1620-ல டேனிஷ்காரங்க தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி டான்ஸ்போர்க் கோட்டை கட்டின ஊர் இது. 1845-ல ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போனாங்க. அந்தக் காலத்து வீடுகளைப் புதுப்பிச்ச விடுதிகள் இருக்கு. தடிமனான சுவர், உயரமான கூரை, ஜன்னலைத் திறந்தா கடல் சத்தம். எந்தக் கூடாரத்துலயும் கிடைக்காத சொகுசு. கோடியக்கரையிலேயே தங்கணும்னா வனத்துறையோட பூநாரை இல்லம் இருக்கு. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துல முன்கூட்டியே கேட்டுக்குங்க.

ராத்திரி கடற்கரைக்கு நடந்து போங்க. டார்ச்சையும் போன் ஃப்ளாஷையும் அணைச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. கண்ணு பழகினதும் கடல் பக்கம் லேசா வெளுப்பாத் தெரியும். ஆமைக்குஞ்சு நம்பி ஓடுற வெளிச்சம் அதுதான்.

நண்பர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்போ கேம்ப் ஃபயர் கேன்சலா?"ன்னு கேட்டார். கேன்சல்தான். ஆனா கோடியக்கரை கேன்சல் இல்லை. அலாரம் காலை நாலரைக்கு வெச்சிருக்கார்.