செவித்திறன் சிகிச்சை: மலையிலிருந்து எந்த வாசலுக்குச் செல்வது?

செவித்திறன் குறைபாட்டிற்கான சிறப்புச் சேவைகளுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆயினும் அவை யாவும் ஒரே கூரையின் கீழ் இல்லை. பரிசோதனை ஓரிடத்தில், அறுவை சிகிச்சை மற்றோரிடத்தில், கருவி வேறோர் அலுவலகத்தில் என்று பிரிந்து கிடக்கின்றன. சோளக்காட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் ஒருவர் தவறான வாசலில் நின்று திரும்பினால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் வீணாகின்றன. ஆகவே எதை யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பதைக் குடும்பத்தினர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

அரசு இச்சேவையை மூன்று வழிகளில் வழங்குகிறது. முதலாவது, தன் மருத்துவர்களைக் கொண்டு தானே செய்வது. ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, 2022-இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை இவ்வகை. இரண்டாவது, காப்பீட்டின் வழியே சிகிச்சையை விலை கொடுத்து வாங்கித் தருவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ அறுவை சிகிச்சையைச் செய்ய, அதற்கான தொகையைத் திட்டம் செலுத்துகிறது. மூன்றாவது, கருவியைக் கையில் கொடுப்பது. இது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பணி. ஒன்றின் அலுவலர் மற்றொன்றின் விதிகளை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

குழந்தைகளின் விஷயத்தில் காலமே முதன்மையானது. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல். ஒலியைக் கேட்டுப் பழகும் திறனை மூளை முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதியாக வளர்த்துக்கொள்கிறது. அக்காலம் கடந்தபின் ஒலி காதை எட்டினாலும் அதைச் சொல்லாகப் புரிந்துகொள்வது கடினமாகிவிடும்.

முதற்சோதனை எளியது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து மெல்லிய ஒலியைச் செலுத்தினால், நலமான உள்செவி அதற்கு ஓர் எதிரொலியைத் தருகிறது. வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். அதில் ஐயம் எழுந்தால், தலையில் மின்முனைகளை ஒட்டி நரம்பின் செயலைப் பதியும் ‘பெரா’ சோதனை செய்யப்படும். பிரசவித்த மருத்துவமனையில் முதற்சோதனை நடந்ததா என்று கேட்டு, முடிவைக் குழந்தையின் அட்டையில் எழுதி வாங்குங்கள். நடக்கவில்லையெனில் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே செவிலியரிடம் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய அளவிலான சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அக்குழு காணவேண்டிய குறைபாடுகளுள் பிறவிச் செவிடும் ஒன்று. ‘அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் பல குழந்தைகளின் பொன்னான மாதங்களைத் தின்றுவிடுகிறது.

குறைபாடு உறுதியானால் முதலில் காதொலிக் கருவியே பொருத்தப்படும். அதனாலும் பயனில்லாத கடுமையான குறைபாட்டிற்குத்தான் காக்ளியர் கருவி. இது ஒலியைப் பெருக்குவதன்று. காதின் பின்புறம் அணியும் பகுதி ஒலியை மின்குறிகளாக மாற்ற, உள்செவிக்குள் பதித்த மின்முனைகள் அவற்றை நரம்பிற்கு நேரடியாகக் கொடுக்கின்றன. பல இலட்ச ரூபாய் மதிப்புள்ள இச்சிகிச்சையை ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு மாநிலக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. காப்பீட்டு அட்டை பெறக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் தேவை. அறுவைத் தேதி குறித்தபின் அட்டைக்கு அலைவதைவிட, சோதனை நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தவுடன் குழந்தை கேட்கத் தொடங்கிவிடும் என்று எண்ணுவோர் பலர். அப்படியன்று. சில வாரங்கள் கழித்துத்தான் கருவி இயக்கப்படும். பின்னர் அதன் ஒலி அளவுகளைக் குழந்தைக்கேற்ப மீண்டும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதனோடு செவிவழிப் பேச்சுப் பயிற்சி வாரந்தோறும், பல மாதங்கள். மலைக் குடும்பங்களுக்கு உண்மையான சோதனை இங்கேதான். அறுவைக்கு ஒருமுறை செல்லலாம். பயிற்சிக்கு ஆண்டு முழுவதும் இறங்கி ஏற வேண்டும். மிளகு பறிக்கும் காலத்தில் யார் அழைத்துச் செல்வது? எங்கள் கருத்தில், பயிற்சியை மலைக்கு அருகே கொண்டுவராத வரையில் இவ்வேற்பாடு அரைகுறையே. அதுவரை, அறுவைக்கு ஒப்புதல் தருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பயிற்சி எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை? வெளிப்பகுதி பழுதானால் யார் மாற்றித் தருவார், செலவு யாருடையது? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைத் தாய்க்கோ பாட்டிக்கோ கற்றுத் தருவீர்களா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்ற விடை கிடைப்பது மிக முக்கியம். நாள்முழுதும் குழந்தையோடு பேசுபவர் பயிற்சியாளரல்லர், வீட்டாரே.

பெரியவர்களுக்கு நிலைமை வேறு. இங்கிலாந்தில் பொது மருத்துவச் சேவை, தகுதியுள்ள பெரியவர்களுக்கும் காக்ளியர் கருவியை வழங்குகிறது. அதற்கான செவித்திறன் வரம்பை 2019-இல் தளர்த்தவும் செய்தார்கள். இங்கே அரசுப் பணம் முதலில் குழந்தைகளுக்கே செல்கிறது. அதை நாங்கள் குறைகூறவில்லை. ஆனால் காதொலிக் கருவியே போதுமான முதியவர்கள்கூட விடுபடுவதுண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்தே ஒருவரை மாற்றுத்திறனாளியாகக் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனமோ நல்ல காதில் 35 டெசிபலைத் தாண்டினாலே மறுவாழ்வுச் சேவை தேவை என்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர்தான் வீட்டில் நன்றாகக் கேட்டு, சோளக்காட்டுச் சந்தை இரைச்சலில் விலை புரியாமல் தலையசைப்பவர். அவருக்குச் சான்று கிடைக்காமற் போகலாம். எனினும் 60 வயது கடந்த வறியோருக்காக 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களில் காதொலிக் கருவியும் வழங்கப்படுகிறது. முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சில அறிகுறிகளுக்கு எந்தத் திட்டத்திற்கும் காத்திருத்தல் கூடாது. மலையேறும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால். எச்சில் விழுங்கினால் சரியாகும். ஆனால் ஒரே நாளில் ஒரு காது திடீரெனக் கேளாமற் போனால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். நாட்கள் செல்லச் செல்ல மருந்தின் பயன் குறையும். சீழ் வடியும் காதில் சூடான எண்ணெய் ஊற்றாதீர்கள். காசநோய்க்கு ஊசி மருந்து பெறுவோர் காதில் இரைச்சல் கேட்டால் உடனே தெரிவியுங்கள்.

கருவி பெற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: கொல்லிமலையின் மழைக்கால ஈரம் கருவிக்குப் பகை. இரவில் மின்கலத்தைக் கழற்றி, கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்படியில் வைத்து உலர்த்த வேண்டாம்.