வளி திரவமாதல்

அடுக்களையில் உள்ள எரிவாயுச் சிலிண்டரை அசைத்தால் உள்ளே திரவம் தளும்புவதை நாம் உணர்கின்றோம். மருத்துவமனையில் காணும் ஆக்ஸிஜன் சிலிண்டரிலோ தளும்பல் இல்லை. இத்தனைக்கும் முன்னதில் உள்ள அழுத்தம் காற்றழுத்தத்தின் சில மடங்கே. பின்னதில் ஏறத்தாழ 150 மடங்கு. மிகுதியாக நெருக்குண்டது வளியாகவே நிற்பது எங்ஙனம்?

வளியின் மூலக்கூறுகள் ஓயாது விரைவன. ஒன்றையொன்று ஈர்க்கும் இயல்பும் அவற்றிற்கு உண்டு. ஆயினும் அணுகியபோதன்றி அவ்வீர்ப்பு வலிபெறாது. அழுத்தம் அவற்றை நெருக்குகின்றது. குளிர்ச்சி அவற்றின் வேகத்தைத் தணிக்கின்றது. இவ்விரண்டும் திரவமாதற்குத் துணை. எனினும் இரண்டும் ஒரு தரத்தன அல்ல.

ஃபாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1823-ல் குளோரினைத் திரவமாக்கினார்; 1845-ல் வேறு பல வளிகளையும் வென்றார். ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய சில மட்டும் பணியவில்லை. வியன்னா நகரத்து நாட்டரர் அவற்றைக் காற்றழுத்தத்தினும் 2000 மடங்கிற்கு மேலாக அழுத்தியும் பயனில்லை. ‘நிலைத்த வளிகள்’ என்று அவற்றிற்குப் பெயரிட்டு அமைந்தனர். பெயரிட்டதனால் காரணம் கண்டதாகுமோ?

காரணம் கண்டவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆண்ட்ரூஸ். அவர் கரியமில வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அழுத்தத்தால் ஒரு பகுதியைத் திரவமாக்கி, மெல்ல மெல்ல வெப்பமேற்றினார். திரவத்தையும் வளியையும் பிரித்து நின்ற கோடு வரவர மங்கி, ஏறத்தாழ 31 பாகையில் மறைந்தது. அதற்குமேல் எத்துணை அழுத்தினும் அக்கோடு மீளவில்லை. இவ்வெல்லையை மாறுநிலை வெப்பம் என்பர். 1869-ல் அவர் இதனை விரித்துரைத்தார். ஒவ்வொரு வளிக்கும் இத்தகைய எல்லை உண்டு. அதனினும் கீழே குளிர்ந்தாலன்றி அழுத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை.

ஆக்ஸிஜனின் எல்லை பூச்சியத்திற்குக் கீழ் 118 பாகை அளவினது. 1845-ல் ஃபாரடே எய்திய குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 110 பாகை! இன்னும் ஒன்பது பாகை குளிர்ந்திருப்பின் அவர் முயற்சி எத்திசை சென்றிருக்குமோ என்று எண்ணி நாம் வியக்கின்றோம்.

எல்லையைத் தாண்டிக் கீழே சென்றபின் அழுத்தத்தின் வேலை எளிதாகின்றது. 118 பாகைக் குளிரில் ஆக்ஸிஜனுக்கு 50 மடங்கு அழுத்தம் வேண்டும். 183 பாகைக் குளிரிலோ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தமே போதும். 1877-ல் கையெத்தே என்னும் பிரெஞ்சுக்காரர், அழுத்திய ஆக்ஸிஜனைத் திடீரென விரியவிட்டார். விரிவினாலேயே அது குளிர்ந்து மூடுபனியாயிற்று. 1898-ல் டிவார் ஹைட்ரஜனையும், 1908-ல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் ஹீலியத்தையும் திரவமாக்கினர். ஹீலியத்தின் எல்லை பூச்சியத்திற்குக் கீழ் 268 பாகை.

இனிச் சிலிண்டர்களை நோக்குவோம். சமையல் வாயுவிலுள்ள புரோப்பேனின் எல்லை 97 பாகை. பியூட்டேனின் எல்லை 152. நம் கோடை வெயிலும் அவற்றை எட்டாது; ஆதலின் சிறிது அழுத்தமே போதும். ஆக்ஸிஜனுக்கோ நம் அறையே பெருநெருப்பு. தீயணைக்கும் கரியமில வாயுச் சிலிண்டரின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மார்கழி விடியலில் அதனுள் திரவம் உண்டு. சித்திரை நண்பகலில், 31 பாகையைக் கடந்தபின், அதனுள் இருப்பதைத் திரவமென்றும் வளியென்றும் பிரித்துரைக்க இயலாது.