சிற்றுரு விமானமும் ரெசின் வார்ப்பும்

தமிழாசிரியர் ஒருவர் கல்லூரி மலருக்கு எழுதப் புகுந்தால், இலக்கிய நயம் பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ எழுதுவார் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இம்முறை அவ்வழக்கத்தினின்று சற்று விலகுகின்றோம். சவளக்கடையில் எம் இல்லத்து மேசையில், மாலைப்பொழுதுகளில் யாம் பயின்றுவரும் ஒரு கைவினையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாரிகாலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் பெருகிக் கல்முனைப் போக்குவரத்துத் தடைப்படும் நாள்களில் இக்கைவினையே எமக்கு உற்ற துணை. இலங்கையின் முதல் ஜெற் விமானத்தை உள்ளங்கை அளவிற் செய்து, அதன் உறுப்புகளை ரெசின் வார்ப்புகளால் நுணுக்கமுறச் செய்தலே அது.

முதலில் அளவு பற்றிக் கூறுவோம். சிற்றுரு விமானங்களுள் பெருவழக்காக உள்ளது எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவு. ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே ஆறடி உயரமுள்ள மனிதன் இவ்வளவில் ஓரங்குலம் ஆவான். இது வெறும் விளையாட்டுக் கணக்கு அன்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை இனங்காணும் பயிற்சிக்காக, 5,00,000 சிற்றுருக்களை இதே அளவிற் செய்து தருமாறு அந்நாட்டுப் பள்ளி மாணாக்கரைக் கேட்டது. வானிற் செல்வது நம்மவர் விமானமா, பகைவர் விமானமா என்பதைப் பிரித்தறிய, அம்மாணாக்கர் மரத்திற் செதுக்கிய உருவங்கள் பயன்பட்டன.

இனி, யாம் எடுத்துக்கொண்ட விமானம். 1951ஆம் ஆண்டில் தோன்றிய அரச இலங்கை விமானப்படை, 1959ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலிருந்து ஜெற் புரவோஸ்ற் என்னும் விமானங்களைப் பெற்றது. இஃது அடிப்படையில் ஒரு பயிற்சி விமானம். ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பறப்பர். ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இதன்மேற் பற்று உண்டானமைக்கு வேறு காரணம் வேண்டுமோ? இறகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஏறத்தாழ 11 மீற்றர் நீளமுள்ள இது, எம் மேசையில் 15 சென்ரிமீற்றருக்குச் சற்று மிகுதியாக நிற்கின்றது. இங்கிலாந்தின் எயர்பிக்ஸ் நிறுவனம் இவ்விமானத்தின் பிளாஸ்டிக் உறுப்புத் தொகுதியை இவ்வளவில் வெளியிட்டுள்ளது.

தொகுதியில் உள்ள உறுப்புகளே போதாவோ என்று வினவலாம். அதற்கு அச்சின் இயல்பை அறிதல் வேண்டும். பிளாஸ்டிக் உறுப்புகள் உருக்கு அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சைப் போல அதுவும் பாதி பாதியாகத் திறக்கும். உள்நோக்கி வளைந்த குழிவு ஒன்று இருப்பின், உறுப்பு அச்சில் மாட்டிக்கொண்டு வெளிவராது. ஆகவே ஆசனத்தின் பட்டிகள், மெத்தையின் மடிப்புகள், கருவிகளின் பின்புறக் குழாய்கள் ஆகியன மழுங்கிவிடுகின்றன. மற்றொரு குறையும் உண்டு. ஒரு மில்லிமீற்றர் தடித்த பிளாஸ்டிக் சுவர், உண்மை விமானத்தில் 7.2 சென்ரிமீற்றர் தடித்த சுவருக்கு நிகராகும். விமானத்தின் உண்மைத் தகடோ அதில் மிகச் சிறு பங்கே.

இக்குறையை ரெசின் நீக்குகின்றது. மூல உறுப்பு ஒன்றைக் கையாற் செதுக்கி, அதன்மேற் சிலிக்கன் இறப்பரை ஊற்றி அச்செடுப்பர். இறப்பர் வளையுமாதலால், குழிவுள்ள உறுப்பும் பழுதின்றி வெளிவரும். பொலியூரித்தேன் வகை ரெசின், இரு திரவங்களாகப் பிரிந்திருப்பது. இரண்டையும் கலந்து ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் இறப்பர் அச்சு விரைவிற் கிழிந்து போவதால், உருக்கு அச்சைப்போல எண்ணிறந்த பிரதிகளை அதிலே எடுக்க முடியாது. ரெசின் உறுப்பின் விலை மிகுதிக்கு இதுவே தலையாய காரணம். செக் நாட்டின் எடுவார்ட், ஐரெஸ் முதலிய நிறுவனங்கள் இத்துறையிற் பெயர் பெற்றவை. அண்மைக் காலத்தில் கணினி வரைபடத்திலிருந்து நேரே அச்சிடப்படும் ரெசின் உறுப்புகளும் சந்தைக்கு வந்துள்ளன.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவதாக, உறுப்புகளைச் சவர்க்கார நீரிற் கழுவுதல் வேண்டும்; அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை நீங்காவிடின் நிறப்பூச்சு உரிந்துவிடும். இரண்டாவதாக, உறுப்போடு இணைந்துள்ள வார்ப்புக் கட்டையை மெல்லிய வாளால் அறுத்து, அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தல் வேண்டும். ரெசின் தூசு நுரையீரலுக்குக் கேடு செய்வது. முகக்கவசம் இன்றி இவ்வேலையில் இறங்குதல் தகாது. மூன்றாவதாக, பசை இடாமலே உறுப்பைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். நான்காவதாக, ஒட்டுதல். பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் பசை ரெசினைப் பற்றாது. சுப்பர் குளூ அல்லது எப்பொக்சிப் பசையே ஏற்றது. இறுதியாக நிறந்தீட்டுதல். அடிநிறம் காய்ந்தபின் நீர்த்த கருநிறத்தைக் குழிவுகளில் ஓடவிட்டு, மேடுகளின்மீது ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தடவினால், பட்டியும் மடிப்பும் தாமே தோன்றும். விமானம் பின்புறம் சாய்ந்து அமராதிருக்க மூக்கினுள் பாரம் இடுதலும் வேண்டும். கல்முனைக் கடைகளிற் கிடைக்கும் தூண்டில் ஈயம் இதற்குப் போதும்.

மூன்றாம் படியை யாம் ஒருமுறை புறக்கணித்தோம். ரெசின் ஆசனங்களை நேரே ஒட்டிவிட்டு, கண்ணாடி மூடியை வைத்தபோது அது மூடவில்லை. உட்சுவரைத் தேய்த்து மெலிவித்தபின் பொருத்த வேண்டியதை, அவசரத்தால் கெடுத்தோம். அவ்வாசனங்களை உடைத்தே எடுக்க நேர்ந்தது.

இவ்வளவும் கைத்திறனைப் பற்றியது. இதனினும் கடினமான வினா ஒன்றை மாணவன் ஒருவன் எழுப்பினான். மேசையில் இருந்த விமானத்தைக் கண்டு, “சேர், இது குண்டு போட்ட பிளேனா?” என்றான். போர்க்காலத்தைக் காணாத பிள்ளை அவன். யாமோ விமான ஓசை கேட்டால் ஓடி ஒளிந்த தலைமுறையினர். அவ்வினாவுக்கு உடனே விடை கூற எமக்கு இயலவில்லை.

விடை வருமாறு: இலங்கை பெற்றது ரி.51 என்னும் ஏற்றுமதி வகை; பயிற்சிக்கு உரியதெனினும் ஆயுதம் தாங்கவல்லது. 1971 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சியை அடக்க இவ்விமானங்கள் தாக்குதலிலும் ஈடுபடுத்தப்பட்டன. ஆகவே சிற்றுருச் செய்வோன் ஆண்டு ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். 1959ஆம் ஆண்டின் பயிற்சி விமானமா? 1971ஆம் ஆண்டில் இறகின்கீழ் ரொக்கெட் தாங்கிய விமானமா? முன்னதைச் செய்து, பின்னதை மறைத்துவிட எம் மனம் பெரிதும் விழைந்தது. பிள்ளைகள் பார்க்கும் பொருள் அன்றோ என்று சமாதானமும் கூறிக்கொண்டோம்.

ஆனால் உரையாசிரியர்க்கு நாம் வகுத்துள்ள நெறி யாது? மூலத்தில் இல்லாததை ஏற்றலும் ஆகாது. உள்ளதை விடுதலும் ஆகாது. ஆசனப் பட்டியின் மடிப்புக்காகப் பல மாலைகளைச் செலவிட்ட யாம், இறகின்கீழ் இருந்ததைக் காணாததுபோல் விடுவோமாயின், அந்நுணுக்கம் அனைத்தும் வெற்று அலங்காரமாய் முடியும். எனவே ரொக்கெட்டுகளையும் பொருத்தினோம். கீழே உள்ள பலகையில் 1959, 1971 என்னும் இரண்டு ஆண்டுகளையும், அவ்வாண்டுகளில் இவ்விமானம் செய்த பணியையும் எழுதியுள்ளோம். அம்மாணவனை அழைத்து அதனை வாசிக்கச் செய்தோம். அவன் பின்னும் இரண்டு வினாக்கள் வினவினான். இம்முறை விடை கூற எமக்கு இயன்றது.

அவ்விமானங்களுள் ஒன்று இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தலைநகர் செல்லும் பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளுடன் சென்று காண்க. கண்டபின் இக்கைவினையிற் கைவைக்க எவரேனும் விரும்பின், சவளக்கடைக்கு வருக. வாளும் அரத்தாளும் யாம் தருவோம். பொறுமையை மட்டும் அவரவரே கொண்டுவருதல் வேண்டும்.